தேயிலைப் பெட்டிக்குள் தேசிக்காய்

1938 மார்ச் 8

கொழும்பு ஹாபரில் விடியும்வரை கப்பலுக்குச் சரக்கேற்றும் வேலை. வீட்டுக்கு வந்து பழஞ்சோறு தின்று, மகளைத் தூக்கி நெஞ்சில் போட்டுக்கொண்டு கட்டிலில் விழுந்தேன். பகலில் தூங்குகிற தகப்பனும் எந்நேரமும் தூங்குகிற பிள்ளையும் – இப்படி ஒரு சோடி கொட்டாஞ்சேனையிலேயே இல்லை என்று றஞ்சிதத்திடம் சொல்வேன். அவள் சிரிக்க மாட்டாள். சிரிக்காத பெண்ணைக் கட்டியவன் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சிரிக்க வேண்டும்.

கண்ணைத் திறந்தால் வாசலில் வெள்ளைச் சீலை, குடை, தோல் பை. பிள்ளை பெற்ற வீடுகளைப் பார்க்க வருகிற நர்ஸ், நாகமணி மிஸ்ஸி. யாழ்ப்பாணத்து மனுசி.

"மோட்சத்துக்கு வந்திட்டனோ மிஸ்ஸி? சம்மனசு நிக்கிற மாதிரித் தெரியுது" என்றேன்.

"இப்பிடிப் படுத்தா நீங்கள் போகமாட்டியள் ஐயா. பிள்ளைதான் போகும்."

அடுப்படியில் றஞ்சிதத்தின் கையிலிருந்து அகப்பை விழுந்தது.

மிஸ்ஸிக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. றஞ்சிதமே வந்து சொன்னாள். "மூத்தவன் இந்தக் கட்டில்லதான் மிஸ்ஸி. விடியப் பார்த்தா அவன் எழும்பேல்ல." ஒரு சொல் கூடுதலில்லை. இந்த இரண்டு வருசத்தில் அவள் அதைச் சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

மிஸ்ஸி குடையைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏன் எண்டு இப்ப ஒருத்தராலயும் சொல்லேலாது தங்கச்சி. உங்களில பிழை எண்டு நினைக்காதேங்கோ. இவளுக்கு என்ன செய்யலாமெண்டுதான் நான் சொல்லலாம்."

பிறகு ஒரு தேசிக்காய் கேட்டாள். தாகமாக்கும், பிழிந்து குடிக்கப் போகிறாள் என்று சீனியையும் எடுத்துக் கொடுத்தேன். அவள் தேசிக்காயைக் கட்டிலின் ஓரத்தில் வைத்தாள். எங்கள் கட்டில் கயிற்றுக் கட்டில், கல்யாணத்துக்கு வாங்கியது, நடுவில் பள்ளம் விழுந்து வள்ளம் மாதிரி இருக்கும். தேசிக்காய் உருண்டு உருண்டு வந்து நான் கிடந்த குழிக்குள் நின்றது.

"உதுதான் உங்கட பிள்ளை. நீங்கள் எவ்வளவு நிறை?"

"இரண்டு மூட்டை அரிசி மிஸ்ஸி. புழுங்கல்."

அவள் சிரிக்கவில்லை. என் வீட்டுக்கு வருகிற பெண்கள் எல்லாரும் ஒரே மாதிரி.

1938 மார்ச் 9

தேசிக்காயை நானும் வைத்துப் பார்த்தேன். தலைமாட்டில், கால்மாட்டில், சுவர்ப் பக்கம். எங்கே வைத்தாலும் என்னிடம்தான் வருகிறது.

1938 மார்ச் 10

கட்டிலில் இனிப் படுப்பதில்லை. பாயில் படுக்கிறேன். றஞ்சிதமும் பிள்ளையைக் கட்டிலில் விடுவதில்லை – சுவரில் சாய்ந்து மடியிலேயே வைத்துக்கொண்டு விழித்திருக்கிறாள். நான் வேலைக்குப் போகும்போதும் அப்படி, வரும்போதும் அப்படி. கண் இரண்டும் குழிக்குள் போய்விட்டது. எவ்வளவு நாளைக்கு? தூக்கம் யாரைக் கேட்டு வரும்? அவள் அப்படியே அசந்து சரிந்தால் பிள்ளை அடியில்.

சேலையில் ஏணை கட்டலாமே என்று மிஸ்ஸியிடம் அன்றைக்கே கேட்டேன். பச்சைப் பிள்ளைக்குச் சீலை முகத்தில் சுற்றும், நாடி நெஞ்சில் முட்டி மூச்சு இறுகும், கெட்டியான சமதரைதான் வேண்டும் என்றாள். தரையில் விடவும் ஏலாது. எங்கள் தோட்டத்தில் – பெயர்தான் தோட்டம், ஒரு மரமில்லை, வரிசையாக அறைகள் – மழை வந்தால் சாக்கடைக் கான் தண்ணீர் உள்ளே வரும். மழை இல்லாத நாளில் பெருச்சாளி வரும்.

அவளுக்குத் தனியாக ஓர் இடம் வேண்டும். இந்த அறைக்குள் எங்கேயாவது. செய்தே தீருவேன்.

1938 மார்ச் 12

வழி கிடைத்தது! தேயிலைப் பெட்டி.

ஹாபரில் ஏற்றும்போது மூலை நசுங்கின பெட்டிகளை ஒதுக்கிப் போடுவார்கள், கேட்டால் சும்மா தருவார்கள். கொட்டகைத் தச்சன் றவூபிடம் சொன்னேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"புள்ளைக்கா, உனக்கா மச்சான்? உனக்கெண்டா நாலு பெட்டி ஒட்டணும்."

"எனக்கு ஒரு கப்பல் செய்து வை. இப்ப பிள்ளைக்கு."

படுக்கப் போட்டுப் பாதி உயரத்துக்கு அறுத்துத் தருகிறானாம். கூலி வேண்டாமாம். பிள்ளையின் பெயர் கேட்டான். ஞானஸ்நானத்தில் மாக்ரெட், வீட்டில் தேசிக்காய் என்றேன். "நல்ல மனுசன்ட வாயில வாற பேரா இது" என்று ஏசினான்.

1938 மார்ச் 15

பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்குள் வந்தேன். ஒரு பக்கத்தில் கறுப்பு மையில் லண்டன் என்று இங்கிலீசில் அடித்திருக்கிறதாம். பைப்படியில் நின்ற பெண்கள் எல்லாம் ஒரே கூச்சல் – "என்ன பேர்னாட் அண்ணே, மகளைச் சீமைக்கு ஏத்தப் போறீங்களா?" ஓம், ராசாவுக்குத் தேத்தண்ணி ஊற்ற ஆள் கேட்டிருக்கிறார்கள் என்றேன். உள்ளே வெள்ளி மாதிரித் தகடு மின்னுகிறது. கவர்னர் வீட்டுப் பிள்ளைக்கும் இப்படிக் கிடைக்காது என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தேன்.

றஞ்சிதம் பெட்டியைப் பார்த்தாள். பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டிவிட்டாள்.

"இன்னொரு பிள்ளையைப் பெட்டியில வைக்க மாட்டன்."



நான் அளவு பார்த்தேன், ஆணி பார்த்தேன், மூலையைத் தடவிப் பார்த்தேன். இதைப் பார்க்கவில்லை. மூத்தவனைக் கொண்டுபோன பெட்டியும் இதே நீளம். அதையும் நான்தான் கொண்டுவந்து இதே இடத்தில் வைத்தேன். ஐயோ, என்ன மனுசன் நான்? என்ட தலைக்குள்ள என்ன, தேயிலைத் தூளா?

பெட்டியை வெளியே வைத்துவிட்டேன்.

1938 மார்ச் 16

பக்கத்து அறைச் சீனியக்கா பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து வெற்றிலை போடுகிறா. "சும்மா கிடக்கிற சாமான்தானே தம்பி." அவவுக்கு நல்ல கதிரை.

1938 மார்ச் 19

சூசையப்பர் திருநாள். தச்சர்மாருக்குப் பாதுகாவலர். பூசையில் முழந்தாளிட்டு, உமக்கும் பிள்ளை பிறந்த நேரம் ஒரு தொட்டில் செய்ய முடியாமல்தானே போனது சாமி, என்ட கஷ்டம் உமக்குத் தெரியாதா என்று கேட்டேன். அப்போதுதான் மின்னல் மாதிரி ஒரு யோசனை. வீட்டுக்கு ஓடினேன்.

"றஞ்சி, யேசு பாலனையே மாட்டுக்குத் தீன் போடுற பெட்டியிலதானே கிடத்தினாங்க? தேவமாதா ஒண்டும் சொல்லேல்லயே?"

"அந்த அம்மா அதுக்கு முதல் ஒருத்தனையும் புதைக்கேல்ல."

 

1938 மார்ச் 22

மத்தியானம் வந்து பார்க்கிறேன் – றஞ்சிதம் உட்கார்ந்தபடியே தூங்கிப்போய்ச் சரிந்திருக்கிறாள். பிள்ளையின் முகம் அவள் கைக்கும் சேலைக்கும் நடுவில். மூக்கே தெரியவில்லை. நான் பறித்து எடுத்த வேகத்தில் பிள்ளை வீரிட்டது. அந்த அழுகையைப் போல ஒரு நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை. றஞ்சிதம் திடுக்கிட்டு எழும்பி, என்ன நடந்தது என்று விளங்கி, தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேரே போய் மிஸ்ஸியைக் கூட்டிக்கொண்டு வந்தேன். குடையைக்கூட எடுக்க விடவில்லை.

மிஸ்ஸி முதலில் வெளியே கிடந்த பெட்டியைத்தான் பார்த்தாள். உள்ளே விரலால் சுரண்டினாள். "இது ஆர்ட யோசனை?" என்றாள். நெஞ்சை நிமிர்த்தி என்னுடையது என்றேன். "பெட்டி நல்லம். இந்த வெள்ளித் தகடு ஈயம். பிள்ளை நக்கினால் நஞ்சு. ஒரு துண்டும் மிச்சமில்லாமல் உரியுங்கோ." கவர்னரின் பிள்ளை தப்பியது.

உள்ளே போய் றஞ்சிதத்தோடு நெடுநேரம் கதைத்தாள். திட்டவில்லை. நான் வாசலில் நின்று கேட்டேன்.

"பெட்டி எண்டா ஏன் பயம் தங்கச்சி?"

"நாலு பக்கமும் பலகை மிஸ்ஸி. உள்ளுக்கு வைச்சா என்ட கை எட்டாது. அண்டைக்கும் அப்படித்தான், அவனை வைச்ச பிறகு கையை எடுங்க எண்டு சொன்னாங்க."

மிஸ்ஸி சொன்னாள், "பக்கத்திலதான் இருக்கவேணும், ஆனால் ஒரே படுக்கையில வேண்டாம். பெட்டி வேண்டாமெண்டால் வேற எதையும் பாருங்கோ. நான் கட்டாயப்படுத்த மாட்டன். ஆனால் இண்டைக்கு நடந்தது திரும்ப நடக்கக் கூடாது."

கை எட்டாது. கை எட்டாது. இதை எழுதும்போதும் அதுதான் காதில் கேட்கிறது.

1938 மார்ச் 23

வேலைக்குப் போன இடத்தில் பிடித்தேன்! எங்கள் ஹாபரில் கப்பல் கரைக்கு வராது, நடுத் தண்ணீரில் நிற்கும். சரக்குப் படகு போய் அதன் விலாவோடு ஒட்டிக் கட்டிக்கொள்ளும். படகு வேறு, கப்பல் வேறு. ஆனால் நடுவில் சுவர் இல்லை, கையை நீட்டினால் எட்டும்.

நாலு பக்கம்தானே பிரச்சினை? ஒரு பக்கத்தை அறுத்து எறி.

1938 மார்ச் 26

றவூப் வாளோடு வந்தான். பெட்டியின் ஒரு நீளப் பக்கத்தை அடியோடு அறுத்தான், தகடு முழுவதும் உரித்தான், விளிம்பெல்லாம் சிராய் இல்லாமல் தேய்த்தான். கட்டில் கயிற்றையும் வெட்டிப் போட்டுவிட்டுப் பலகை அடித்துக் கொடுத்தான். பிறகு பெட்டிக்குச் செங்கல் அண்டை கொடுத்து, அதன் அடிப்பலகையும் கட்டில் பலகையும் ஒரே மட்டத்தில் நிற்க வைத்தான். திறந்த பக்கம் கட்டிலைப் பார்த்து.

"கல்யாணக் கட்டில்ல கயிற்றை அறுக்கிறது பாவம் தம்பி" என்று சீனியக்கா வாசலில் நின்று சொன்னா.

"கழுத்தில இருக்கிற கயிறு அப்படியே இருக்குது சீனியக்கா, அது போதும்."

கட்டுவது மட்டும் என் வேலை. படகைக் கட்டுகிறது போலச் சணல் கயிற்றில் நாலு இடத்தில் முடிச்சுப் போட்டேன். மிஸ்ஸி வந்து கட்டிலுக்கும் பெட்டிக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தாள். விரல் போகவில்லை. இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். பெட்டி அசையவில்லை, மிஸ்ஸிதான் அசைந்தாள். "எந்தச் சின்ன இடைவெளியும் விடக் கூடாது, கயிறு தளருதோ எண்டு நெடுகப் பாருங்கோ" என்றாள். அப்போது கொஞ்சம் சிரித்தாள் என்று நினைக்கிறேன். பல் தெரிந்தது.

சாக்கை மடித்து, மேலே பழைய வேட்டி, நான்கு பக்கமும் இழுத்துச் செருகினது. அவ்வளவுதான் படுக்கை. அழுத்தினால் அமுங்காது.

றஞ்சிதம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையைக் கொடுக்கவில்லை. ஆனால் வந்து கட்டிலில் படுத்து, வெறும் பெட்டிக்குள் கையை நீட்டிப் பார்த்தாள். கடைசிப் பலகைவரை எட்டியது.

1938 மார்ச் 27

"ஒரே ஒரு பகலுக்கு" என்றாள்.

மல்லாக்கக் கிடத்தினோம். தேசிக்காய் கொட்டாவி விட்டது, காலை உதறியது, தூங்கியது. றஞ்சிதம் அதன் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கிடந்தாள். நான் பாயில் கிடந்து இரண்டு பேரையும் பார்த்தேன். தூங்கியது பிள்ளை மட்டும்தான்.

1938 மார்ச் 29

இன்று றஞ்சிதமும் தூங்கினாள். குறட்டை! என்னை இவ்வளவு காலம் குறை சொன்னவள். எழும்பினதும் சொன்னேன். இல்லவே இல்லை என்று சாதிக்கிறாள்.

1938 ஏப்ரல் 3

சீனியக்காவோடு தலையணைச் சண்டை. இலவம்பஞ்சு அடைத்து, பூப்போட்ட சீத்தைத் துணியில் அவவே தைத்த குட்டித் தலையணை. நான் எடுத்து வைப்பேன், திரும்பிப் பார்த்தால் பிள்ளையின் தலைக்குக் கீழே இருக்கும். பிள்ளைமேல் உயிர் அவவுக்கு, அதுதான் வம்பு.

"தலை தட்டையாப் போகும் தம்பி. பொம்பிளைப் பிள்ளை. நாளைக்கு எவன் கட்டுவான்?"

"என்ட தலையைப் பாருங்க சீனியக்கா. தேங்காய் மாதிரி உருண்டை. அப்பிடி இருந்தும் கட்டினவள் அழுதுகொண்டுதானே இருக்கிறாள்?"

"நீ பகிடியை விடு. காத்துப் படாமல் சன்னலைச் சாத்து, சாம்பிராணி போடு."

மிஸ்ஸி சொன்னபடி சன்னல் திறந்தேதான் இருக்கும், புகையும் வேண்டாம், மூக்கை மூடுகிற தலையணையும் வேண்டாம் என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன், ஆனால் மூன்று தடவை சொன்னேன். கோபித்துக்கொண்டு போய்விட்டா. போகட்டும், வெற்றிலை தீர்ந்தால் வருவா.

தலையணை எனக்கு. கழுத்துக்கு நல்ல சுகம்.

1938 ஏப்ரல் 10

குருத்தோலை ஞாயிறு. ஓலைச் சிலுவையையும் செபமாலையையும் பெட்டிக்குள் தொங்கவிடப் போனாள் றஞ்சிதம். பிறகு தானே நின்று யோசித்தாள். "கயிறு மாதிரித்தானே, கழுத்தில மாட்டும்" என்று எதிர்ச் சுவரில் ஆணி அடிக்கச் சொன்னாள். மாதாவுக்குச் சுவரிலிருந்தும் கண் தெரியும் என்றேன். நான் சொல்லித் தரவில்லை, மிஸ்ஸியும் சொல்லவில்லை. அவளே.

1938 ஏப்ரல் 16

நாளை உயிர்ப்புத் திருநாள். தபசு காலம் முழுவதும் ஒரு சொட்டுச் சாராயம் தொடவில்லை. நாளைக்குத் தோழன்மார் விட மாட்டார்கள், நானும் என்னை விட மாட்டேன். குடித்தவன் பிள்ளைக்குப் பக்கத்தில் படுக்கவே கூடாது என்று மிஸ்ஸி சொன்னது நினைவிருக்கிறது. குடிக்கிறதுக்கு முன்னால் எல்லாம் நினைவிருக்கும். அதற்குப் பிறகு?

றஞ்சிதத்திடம் சொல்லி வைத்தேன்: நாளைக்கு நான் என்ன சொன்னாலும் கேட்காதே.

"எண்டைக்குத்தான் கேட்டனான்?" என்கிறாள்.

பகிடி! என் பெண்சாதி பகிடி விட்டாள்!

1938 ஏப்ரல் 18

நேற்று நடந்ததை எனக்கு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

பூசை முடிந்து போனேன், மத்தியானம் பாடிக்கொண்டு வந்தேனாம். வாசலில் நின்று, "கொண்டா என்ட தேசிக்காயை, நெஞ்சில போட" என்று இரண்டு கையையும் நீட்டினேனாம். தோட்டம் முழுக்க வேடிக்கை. றஞ்சிதம் கதவுக்குக் குறுக்கே நின்றாளாம் – என் தோளுக்கு எட்டாதவள். நான் அழுதேனாம், சூசையப்பரிடம் முறையிட்டேனாம். அவள் அசையவில்லை.

"கப்பலுக்கு இண்டைக்கு இறங்க இடமில்லை. வெளியில நங்கூரம் போடுங்க" என்றாளாம்.

பைப்படி மதிலோரம் பாயை விரித்து, சீனியக்காவின் பூப்போட்ட தலையணையை என் தலைக்கு வைத்துவிட்டுப் போய்க் கதவைச் சாத்தினாளாம். "ஒரு தலையாவது உருண்டையா வரட்டும்" என்று சீனியக்கா சொன்னாவாம்.

தலை இடிக்கிறது. இனிக் குடிக்கிற நாளில் என் இடம் அந்த மதிலோரம்தான். நானே பாயை எடுத்துக்கொண்டு போவேன்.

1938 மே 9

இரண்டு நாளாக றஞ்சிதம் வாய் திறப்பதில்லை. எனக்குத் தெரியும் ஏன் என்று. மூத்தவன் இந்த வயதில்தான். பெட்டிக்குள் கையை விட்டபடியே கிடக்கிறாள். நானும் பகிடி விடவில்லை. பெட்டியைக் கட்டிலோடு பிணைத்த கயிறுகளை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினேன். தளர்ந்திருக்கவில்லை. சும்மா கட்டினேன்.

1938 மே 10

மகள் கிடக்கிறாள். மூச்சு விடுகிறாள்.

1938 மே 14

சீனியக்கா வந்து பெட்டியை எட்டிப் பார்த்தா. தலையைத் தடவிப் பார்த்தா. "பின்பக்கம் கொஞ்சம் தட்டைதான்" என்றா. முகம் முழுக்கச் சிரிப்பு.

1938 யூன் 12

விடிந்தபின் வேலையால் வந்தேன். கதவைச் சத்தமில்லாமல் தள்ளினால் – றஞ்சிதம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கையும் கன்னத்தின் கீழே, நல்ல தூக்கம்.

பெட்டியை எட்டிப் பார்த்தேன். தேசிக்காய் விழித்திருக்கிறது. மல்லாக்கக் கிடந்து, சுவரில் இருக்கும் ஓலைச் சிலுவையோடு ஏதோ வழக்குப் பேசுகிறது. என்னைக் கண்டதும் பல்லில்லாத வாயால் ஒரு சிரிப்பு, இரண்டு காலாலும் பலகையில் ஓர் உதை. டொக். டொக். லண்டன் என்று அடித்திருக்கிற பலகை.

அந்தச் சத்தத்தில் றஞ்சிதம் புரண்டாள். கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"கால் முட்டுது பாருங்க. இவளுக்கு இந்தப் பெட்டி காணாது. றவூப் நானாட்டச் சொல்லிப் பெரிசா ஒண்டு கொண்டு வாங்க."